வாவிக்கரையில் ஓர் எஸ்பிரெஸோ

மட்டக்களப்பில் கோப்பி என்றால் பல வீடுகளில் இன்னமும் மல்லிக் கோப்பிதான். கறுக்க வறுத்த கொட்டையோடு மல்லியும் சுக்கும் சேர்த்து இடித்த தூள், அதன்மேல் கொதிதண்ணீர், போதிய சீனி. மாரிகாலத்துத் தடிமனுக்கு எங்கள் பக்கத்தில் இதைவிட நல்ல மருந்து இல்லை. ஆனாலும் அந்தக் கோப்பையில் முந்திக்கொண்டு வருவது மல்லியின் வாசமும் சுக்கின் காரமும்தான். கொட்டைக்குள் தனியாக என்ன இருக்கிறது என்று அறிய ஆசைப்படுகிறவருக்கு எஸ்பிரெஸோவைப் போல ஒளிவுமறைவின்றிக் காட்டும் முறை வேறில்லை. கொட்டையின் நன்மையையும் அது காட்டும், குறையையும் காட்டும்.

கல்லடியில் எங்கள் குசினி மேசையில் நிற்கும் மெஷின், அக்கா வீட்டார் சுவிஸிலிருந்து வரும்போது கொண்டுவந்து தந்தது. சிறியது. ஒரு கொதிகலன், ஒரு பம்பி, 58 மில்லிமீற்றர் அகல வடிகூடை, பாலை நுரைக்க வைக்க ஒரு நீராவிக் குழாய், அவ்வளவுதான். பழகப் பழக ஓர் எண்ணம் எனக்கு உறுதிப்பட்டுவிட்டது. மெஷின் எங்கே செய்யப்பட்டதாகவும் இருக்கட்டும், அதிலிருந்து வரும் கோப்பி ஊருக்கு ஊர் வேறு. இந்த ஊரின் தண்ணீரையும் காற்றையும், மேற்கே இருக்கும் மலையையும், வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரையின் பாலையும் அறிந்தவருக்குத்தான் அது முழுதாக வசப்படும்.

எஸ்பிரெஸோவின் கணக்கு எளியது. 18 கிராம் தூள். 90 முதல் 96 பாகை செல்சியஸ் வரை சூடான தண்ணீர். 9 பார் அழுத்தம். 25 முதல் 30 செக்கனுக்குள் கோப்பையில் 36 கிராம் கோப்பி. பழகத் தொடங்குகிறவர் இந்த அளவைப் பிடித்துக்கொள்ளலாம். பிறகு நாக்கு சொல்கிறபடி கூட்டிக் குறைக்கலாம். இதில் 9 பார் என்பதன் பலத்தை மட்டக்களப்பார் உணர்வதற்கு ஓர் அளவுகோல் எங்கள் கடலிலேயே கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், கரைக்கு அப்பால் ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்தில் இருக்கிறது. அங்கே இறங்கும் சுழியோடியின்மேல் நீர் கொடுக்கும் அழுத்தம் 5 பாருக்குச் சற்று அதிகம். 9 பார் வேண்டுமென்றால் ஏறத்தாழ 90 மீற்றர் போக வேண்டும். அந்தப் பலம் முழுவதையும் தாங்கி நிற்பது ஒரு விரற்கணு உயரம்கூட இல்லாத கோப்பித்தூள் வில்லை.

இந்த அழுத்தம் கைக்கு வரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. இத்தாலியின் தூரின் நகரத்து அஞ்ஜெலோ மொரியொண்டோ 1884 இல் நீராவியால் இயங்கும் கோப்பி மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். மிலானின் லூயிஜி பெஸெரா 1901 இல் கோப்பை கோப்பையாக வடிக்கும் வடிவத்தைத் தந்தார். இரண்டுக்கும் நீராவியே பலம். நீராவியால் இப்போதைய அழுத்தத்தின் சிறு பங்கைத்தான் தர முடிந்தது. சூடு மிஞ்சிக் கோப்பி கருகியும் போனது. மிலானைச் சேர்ந்த அக்கில்லே காஜியா 1938 முதல் இதற்கு மாற்று வழி தேடி, உலகப் போர் முடிந்தபின் நெம்புகோலும் விற்சுருளும் கொண்ட மெஷினைக் கொண்டுவந்தார். கோப்பியின் மேல் பொன்னிற நுரை ஆடையாகப் படிந்தது அப்போதுதான். இன்று அதை கிரேமா என்கிறோம். 1961 இல் ஃபயேமா நிறுவனம் ஈ61 மெஷினில் மின்பம்பியை வைத்தது. அந்த ஆண்டு வந்த சூரிய கிரகணத்தை ஒட்டி வைத்த பெயர் அது. இன்று வீடுகளில் இருக்கும் மெஷின்களில் பெரும்பாலானவை பம்பியால் இயங்குபவைதான்.

என்னைக் கட்டிப்போடுவது கோப்பி வடியும் அந்த அரை நிமிடம். வடிகூடையைத் தாங்கும் கைப்பிடிகளில் அடித்தகடு இல்லாத ஒன்று வைத்திருக்கிறேன். வடிகூடையின் அடியில் நடப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். பம்பி தொடங்கிச் சில செக்கன்கள் ஒன்றும் வராது. தூள் தண்ணீரைக் குடித்து உப்பி இறுகுகிற நேரம் அது. பிறகு கூடையின் ஓரமெங்கும் கறுத்த பொட்டுகள் வேர்க்கும். பொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து நடுவுக்கு இறங்கி, ஒற்றை இழையாகத் திரண்டு, தேன்போலத் தொய்ந்து விழும். முதலில் கருஞ்சிவப்பு, பிறகு அதில் கபிலக் கோடுகள் ஓடும், கடைசியில் இழை மெலிந்து வெளிறும். வெளிறத் தொடங்கியதும் கோப்பையை எடுத்துவிட வேண்டும். முதலில் இறங்குவது புளிப்பும் உப்பும் செறிவும், நடுவில் இனிப்பு, கடைசியில் கசப்பு. மூன்றும் ஒன்றையொன்று மிஞ்சாமல் கோப்பைக்குள் சேர்ந்துவிட்டால் சீனி தேவைப்படாது. தூளைச் சரியாகப் பரப்பாமல் அழுத்தியிருந்தால் தண்ணீர் இளகிய இடத்தைத் துளைத்துக்கொண்டு பக்கவாட்டில் பீறிடும். அந்தக் கோப்பையில் புளிப்பும் கசப்பும் ஒருசேர இருக்கும்: துளைத்த இடத்தில் தூள் அளவுக்கு மீறிக் கரைந்திருக்கும், மற்ற இடத்தில் சரியாக நனைந்தே இருக்காது.

அந்த ஓட்டத்தை ஆளுவது அரைவை. தூள் ஒரு மயிரளவு நைசானால் 30 செக்கன் 40 ஆகும்; அதே அளவு பருத்தால் 20 ஆகிவிடும். இங்கேதான் எங்கள் காற்று உள்ளே வருகிறது. ஆனி, ஆடியில் மேற்கே மலையிலிருந்து இறங்கும் கச்சான் காற்று வறண்டது, சூடானது. அந்த நாட்களில் கோப்பி விரைந்து ஓடும். அரைவையை நைசாக்க வேண்டும். தூளும் மின்னேற்றம் கொண்டு அரைக்கும் மெஷினின் வாயில் ஒட்டிக்கொள்ளும். அரைக்க முன்பு கொட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துக் கிளறினால் அது அடங்கும். வீட்டுப் பழக்கமாக இருந்த இதை ஒறிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023 இல் அளந்து உறுதிப்படுத்தினார்கள். ஐப்பசியில் மழை பிடித்ததும் எல்லாம் தலைகீழ். வாவியின் ஈரம் வீட்டுக்குள் வந்து குந்திவிடும். தூள் ஈரத்தை இழுத்து, ஓட்டம் மந்தமாகும். அரைவையைச் சற்றுப் பருமனாக்க வேண்டும். எழுவான்கரையில் வீட்டுக்கு ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. இங்கே கோப்பி அரைக்கிறவருக்கு நாட்காட்டியைவிடக் காற்றுத்தான் முக்கியம்.

தண்ணீர் அடுத்தது. கோப்பையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு அதுதான். கல்லடி, நாவலடி, காத்தான்குடி மணற்பட்டியில் கிணறு தோண்டினால் சில அடியிலேயே நல்ல தண்ணீர் கிடைக்கும். அது மணலுக்குள் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கும் மழைத்தண்ணீர். மழை பொய்த்து இறைப்புக் கூடினால் உவர்ப்பு மேலே வரும். எஸ்பிரெஸோவுக்கு இதில் இரட்டைக் கேடு. சுண்ணாம்புச் சத்துக் கொதிகலனுக்குள் படிந்து சூட்டைக் கெடுக்கும். உப்பின் குளோரைட்டு உலோகத்தையே அரிக்கும். சுண்ணாம்பைச் சித்திரிக் அமிலம் விட்டுக் கழுவலாம். அரிப்பை மாற்ற மருந்து இல்லை. நான் பாவிப்பது உன்னிச்சைக் குளத்திலிருந்து குழாய் வழி வரும் தண்ணீர். அதைக் கரி வடியில் வடித்துக் குளோரின் மணத்தைப் போக்கிக்கொள்வேன். காய்ச்சி வடித்த வெறும் நீரும் உதவாது. சுவையைத் தூளிலிருந்து இழுத்தெடுக்கத் தண்ணீரில் கொஞ்சம் கல்சியமும் மக்னீசியமும் இருக்கத்தான் வேண்டும்.

இனிக் கொட்டை. செங்கலடிச் சந்தியிலிருந்து மேற்கே திரும்பும் பதுளை வீதி, வயலும் காடும் கடந்து ஊவா மலைக்கு ஏறுகிறது. அந்த மலையில் மடுல்சீமை என்றோர் இடம். இலங்கைக் கோப்பியைக் கொன்ற இலைத்துரு நோய் 1869 இல் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது அங்கேதான். ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிடப்பட்ட அந்தப் பூஞ்சணம், உலகின் பெரிய கோப்பி ஏற்றுமதி நாடுகளுள் ஒன்றாக இருந்த இலங்கையை இருபது ஆண்டுகளுக்குள் அந்த வரிசையிலிருந்து இறக்கியது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெய்லர் தொடங்கிய தேயிலைச் செய்கை மலைமுழுதும் பரவ அந்த அழிவுதான் வழிவிட்டது.

கோப்பியைச் சுவைக்கிற நாங்கள் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தமிழகத்திலிருந்து எங்கள் மலைக்குத் தொழிலாளர்கள் முதலில் அழைத்துவரப்பட்டது கோப்பிக்காகத்தான். தேயிலை பிறகு வந்தது. தலைமன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தவர்களில் எத்தனையோ பேர் நோயிலும் பசியிலும் வழியிலேயே மாண்டார்கள். 2023 இல் மலையகத் தமிழர் வருகையின் இருநூறாவது ஆண்டை நினைந்து அதே தலைமன்னார்–மாத்தளை வழியை மக்கள் மீண்டும் நடந்தார்கள். இலங்கைக் கோப்பியின் சுவையைப் பேசும்போது இந்த வரலாறும் சேர்ந்தே வரவேண்டும்.

மலையில் கோப்பி முற்றாக அழிந்துவிடவில்லை. வீட்டுத் தோட்டங்களில் மிளகோடும் கராம்போடும் ரொபஸ்டா நிற்கிறது; உயரமான பகுதிகளில் அராபிக்கா மறுபடி நடப்படுகிறது. கொழும்பின் ஹன்சா போன்ற வறுப்பாளர்கள் இலங்கை அராபிக்காவைக் கவனத்தோடு வறுத்து விற்கிறார்கள். என் கைக்கு ஏற்றது மூன்று பங்கு அராபிக்கா, ஒரு பங்கு ரொபஸ்டா. ரொபஸ்டாவில் கஃபீன் ஏறத்தாழ இரட்டிப்பு. நுரை தடித்து நிற்கும், வாயில் கனம் இருக்கும். அராபிக்கா இனிப்பையும் பழப்புளிப்பையும் தரும். வறுத்து ஒரு கிழமை ஆறவிட்டுப் பிறகு அரைத்தால் நல்லது. புதிதாக வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு நிறைந்திருப்பதால் ஓட்டம் தறிகெட்டுப் போகும். எங்கள் ஈரத்தில் திறந்த பொதி விரைவில் வாசம் இழக்கும்; காற்றுப் புகாத போத்தலில் சிறிது சிறிதாக வைப்பதே சரி.

பாலுக்கு வருவோம். இதில் மட்டக்களப்புக்கு வாய்த்தது எல்லா ஊருக்கும் வாய்க்காது. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் எருமைப்பட்டிகள் இருக்கின்றன. மண்சட்டித் தயிருக்குப் பெயர்போன அந்தப் பாலில் கொழுப்பு 7, 8 வீதம். பசும்பாலில் 4 வீதமளவே. புரதமும் கூட. நுரையைக் கட்டுவது புரதம், அதற்கு வழுவழுப்பையும் கனத்தையும் கொடுப்பது கொழுப்பு. குளிர்ந்த பாலில் நீராவிக் குழாயின் நுனியை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே பிடித்து, பாத்திரம் வெதுவெதுப்பாகும் வரை காற்றை உள்ளே விடவேண்டும். பிறகு நுனியை ஆழ்த்திப் பாலைச் சுழலவிட்டு 60 முதல் 65 பாகைக்குள் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் போனால் இனிப்புப் போய்க் காய்ச்சிய மணம் வந்துவிடும். தனி எருமைப்பால் கோப்பியின் சுவையை அமுக்கும். ஆகவே பாதி எருமைப்பால், பாதி பசும்பால் என்று கலந்து வைக்கிறேன். கலந்த பாலின் நுரை ஈர வண்ணப்பூச்சுப்போல மினுங்கும், கரண்டியால் அள்ளினாலும் உடையாது. பால்மாவில் பழகிய நாக்கு அந்தப் பாலின் இயல்பான இனிப்பை முதல் வாயிலேயே கண்டுகொள்ளும்.

பராமரிப்பில் சோம்பலுக்கு இடமில்லை. உப்புக்காற்றில் வெறும் இரும்பு துருப்பிடிக்கும். ஆகவே ஒவ்வொரு நாளும் துடைத்து உலர்த்த வேண்டும். கைப்பிடி பூட்டும் இடத்து றப்பர் வளையம் காலத்துக்குக் காலம் இறுகிப்போகும். உதிரி ஒன்று முன்கூட்டியே கையில் இருப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை இடிமுழக்கத்தில் செருகியைக் கழற்றிவிட வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்டில், மின்சாரமே கேட்காமல் கேத்தல் தண்ணீரிலும் கைப்பலத்திலும் இயங்கும் சிறு நெம்புகோல் மெஷினுக்கும் மதிப்பு உண்டு. பால் நுரைக்க அதில் வழியில்லை. வெறும் எஸ்பிரெஸோ குடிக்கிறவருக்கு அதுவே போதும்.

வாங்க நினைப்பவர்களுக்கு என் முடிவைச் சொல்கிறேன். கையிலுள்ள பணத்தில் பாதியை அரைக்கும் மெஷினுக்கு ஒதுக்குங்கள். நல்ல அரைவையும் எளிய மெஷினும் சேர்ந்தால், விலையுயர்ந்த மெஷினும் மோசமான அரைவையும் தருவதைவிட எப்போதும் நல்ல கோப்பிதான் வரும். ஒரு சிறு தராசு வாங்குங்கள். கிணற்றுத் தண்ணீரை மெஷினுக்குள் விடாதீர்கள். கொட்டையை மட்டும் வெளிநாட்டிலிருந்து வருவிக்க வேண்டாம். பதுளை வீதி ஏறிப்போகும் அதே மலைகளில் விளைந்ததைக் கேட்டு வாங்குங்கள், விளைவித்தவர் கைக்கு நியாயமான விலை போய்ச் சேருகிறதா என்றும் கேளுங்கள்.