குடிச்சிட்டு ஓட்டின கேஸ்: எதை எண்ணுவது?

குடிபோதையில் வண்டி ஓட்டியதாக இத்தனை பேர் மீது வழக்கு என்று பேப்பரில் அடிக்கடி செய்தி வரும். அப்புறம் அந்தக் கேஸெல்லாம் என்ன ஆச்சு என்று செய்தி வருவது அபூர்வம். எங்கள் சாஃப்ட்வேர் வேலையில் எத்தனை பக் பதிவாச்சு என்று மட்டும் ரிப்போர்ட் கொடுத்தால் சிரிப்பார்கள். சரி பண்ணினீங்களா, மறுபடி வந்ததா என்றுதான் கேட்பார்கள்.

அமெரிக்காவில் இதைக் கேட்டவர்கள் ‘மாட்’ அமைப்பினர். 1980-ல் குடிபோதை டிரைவர் ஒருவர் மோதி 13 வயது மகளை இழந்த கேண்டஸ் லைட்னர் தொடங்கியது. அந்த டிரைவர் அதற்கு முன்பே குடித்துவிட்டு ஓட்டி மாட்டியவர். மாட் தொண்டர்கள் கோர்ட்டில் போய் உட்கார்ந்து ஒவ்வொரு கேஸின் முடிவையும் குறித்து வைத்தார்கள். அவர்கள் கவனித்த கேஸ்களில் தண்டனை அதிகம் என்று மெய்ன் மாநிலத்தை வைத்து ஷினார் என்பவர் 1992-ல் ஆய்வு வெளியிட்டார்.

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. ஆள் உட்கார்ந்து பார்ப்பதால் தண்டனை கூடுகிறது என்றால், அது நீதியா, பார்வையாளருக்குக் காட்டும் கண்டிப்பா? தண்டனை விகிதத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் இந்த வித்தியாசம் தெரியாது. அதுவும் நம் பக்கம் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போவது சாதாரணம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர் அப்படித்தான் செய்வார். தண்டனையை எண்ணினால் எல்லாம் நன்றாக நடப்பது போலத்தான் தெரியும்.

எண்ண வேண்டியவை வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 185-ன்படி 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். கைதானவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை செய்யணும், இல்லாவிட்டால் விட்டுவிடணும் என்கிறது பிரிவு 202. செய்தார்களா? இது குற்றம் சாட்டப்பட்டவருக்கும் பாதுகாப்பு.

2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், இல்லை இரண்டும். மறுபடி மாட்டினால் 2 ஆண்டு வரை அல்லது 15,000, இல்லை இரண்டும். ஆனால் ஒருத்தர் போன வருஷம் வேறொரு ஊரில் மாட்டியது இந்த மாஜிஸ்திரேட்டுக்கு எப்படித் தெரியும்? போலீஸ் எடுத்துச் சொன்னால்தான் உண்டு. சொன்னார்களா என்று குறித்து வைக்கலாம்.

மூன்றாவது லைசென்ஸ். குறைந்தது 3 மாதம் சஸ்பெண்ட் செய்யணும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-ல் சொன்னது. அந்த வேலை பெரும்பாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நடப்பது. கோர்ட்டில் மட்டும் உட்கார்ந்தால் கண்ணில் படாது. அபராதம் கட்டினவர் அன்று சாயங்காலமே ஓட்டுகிறாரா என்பது இதில்தான் இருக்கிறது.

மது என்றால் தமிழ்நாட்டில் நாம் கடையைத்தான் பார்ப்போம். வக்கீல் கே. பாலு தொடர்ந்த வழக்கில் நெடுஞ்சாலையோரக் கடைகளுக்கு எதிராக 2016 டிசம்பர் 15-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது பெரிய விஷயம்தான். கேஸ் கட்டைத் தொடர்ந்து போய்ப் பார்ப்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. விசாரணை திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கணும் என்கிறது சட்டம். முன்பு பிரிவு 327, இப்போது பி.என்.எஸ்.எஸ். 366. கடத்தூர்க்காரங்களுக்கு அரூர், தர்மபுரி கோர்ட் ஒன்றும் எட்டாத தூரமில்லை. நாலு பேர் ஒரு நோட்டோடு மாறி மாறிப் போய் இந்த மூன்று கேள்விக்கும் பதில் குறித்தால், வழக்கு எண்ணிக்கைச் செய்தியைவிட அதிகம் தெரியவரும்.