மணிமேகலையில் காதலும் தன்னுணர்வும்

ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான மணிமேகலை, 30 காதைகளில் துறவின் மேன்மையை எடுத்துரைக்கும் பௌத்தக் காப்பியமாகும். ஆதலின் உதயகுமரன்பால் மணிமேகலைக்குத் தோன்றும் நாட்டத்தைத் துறவுக்கு நேர்ந்த இடையூறாக மட்டுமே கொள்வது எளிது. எனினும், கதைப்போக்கைக் கூர்ந்து நோக்குங்கால், அந்நாட்டமே அவள் தன்னை அறியத் தொடங்கும் வாயிலாக அமைந்திருத்தல் புலனாகும்.

உவவனத்துப் பளிக்கறையுள் மறைந்திருந்தவள், உதயகுமரன் தன்னை இழித்துரைத்து நீங்கிய பின்னரும் தன் நெஞ்சம் அவன்பின் சென்றதைச் சுதமதியிடம் ஒளியாது கூறுகிறாள். காமத்தின் இயல்பு இதுதானோ என வியக்கிறாள். தன் நெஞ்சைத் தானே விலகி நின்று நோக்கும் முதற்கணம் இது. அதுவரை துறவு, தாய் மாதவி மகளுக்கென வகுத்த வழி. இவ்வினாவுக்குப் பின்னரே அது மணிமேகலையின் சொந்தத் தேடலாகிறது.

மணிபல்லவத்தில் புத்த பீடிகையைக் கண்டு பழம்பிறப்பை உணர்ந்தவள், முற்பிறப்பில் தன் கணவனாயிருந்த இராகுலன் எங்குப் பிறந்துள்ளான் என வினவுகிறாள். அவனே உதயகுமரன் என்கிறது மணிமேகலா தெய்வம். காரணம் விளங்கியதும் அவளது ஒழுகலாறும் மாறுகிறது. முன்பு ஒளிந்தவள், உலகவறவியில் அவனை வணங்கி யாக்கையின் நிலையாமையை உரைக்கிறாள். காயசண்டிகை வடிவு கொண்ட பின்னரும் நரைமூதாட்டி ஒருத்தியைக் காட்டி அவனைத் தெருட்டவே முயல்கிறாள். வேட்கை, பிறர் நலம் நாடும் பரிவாக உருமாறுதலை இங்குக் காணலாம்.

உதயகுமரனுக்கோ இவ்வளர்ச்சி வாய்க்கவில்லை. அவள் கூறிய அறத்தைக் கேட்டும், அவளை அடைய வேண்டிய உருவாகவே அவன் காண்கிறான். ஐயத்தோடு நள்ளிரவில் வந்து காஞ்சனன் வாளுக்கு இரையாகிறான். ஒரே பிறப்புத் தொடர்பு ஒருவரிடம் தன்னுணர்வாகவும் மற்றவரிடம் அழிவாகவும் முடிதற்குக் காரணம், தன் நெஞ்சை வினவும் ஆற்றல் ஒருவரிடம் இருந்ததும் மற்றவரிடம் இல்லாமையுமே.

அவன் மடிந்தபோது மணிமேகலை அரற்றி உடலை நெருங்க, கந்திற்பாவை தடுக்கிறது. பழம்பிறப்பு உணர்ந்தவளும் அழுகிறாள் என்பதைச் சாத்தனார் மறைக்கவில்லை. பற்று அறுக்கப்பட வேண்டியது என்பதே காப்பியத்தின் கொள்கை. ஆயின் அறியாத பற்றை அறுத்தல் இயலாது. அதனை அறிவித்தது காதலே.