மகாராஜா யாருடைய ஆள்?

ஒரு வாரமா ஏர் இந்தியாவின் பழைய விளம்பரப் போஸ்டர்களைப் புரட்டிக்கிட்டிருக்கேன். அழகா இருக்குன்னு சொல்லி முடிச்சிடலாம். ஆனா ஒரு கேள்வி விடமாட்டேங்குது. அந்தக் குண்டு மீசை மகாராஜா யாருடைய ஆள்?

முதல்ல சந்தை நிலவரம். 1960 மே மாதம் ஏர் இந்தியா போயிங் 707-ஓடு நியூயார்க்கில் நுழைந்தது. பம்பாயிலிருந்து லண்டன் வழியாகப் போகிற சேவை. லண்டன் போக நினைக்கும் நியூயார்க்காரருக்குச் சொந்த நாட்டுக் கம்பெனிகளான பான் ஆம், டி.டபிள்யூ.ஏ. இருந்தன, பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி.யும் இருந்தது. அவர் எதுக்கு இந்திய விமானத்தில் ஏறணும்?

டிக்கெட் விலையைக் குறைச்சிருக்கலாமேன்னு தோணும். முடியாது. ஐயாட்டா அமைப்பில் கம்பெனிகள் கூடிப் பேசி வைத்த கட்டணம்தான் எல்லாருக்கும். சாப்பாட்டுக்கும் கட்டுப்பாடு. 1958-இல் அட்லாண்டிக் தடத்தில் எகானமி வகுப்பு வந்தபோது, அதில் எளிய சாண்ட்விச் மட்டும்தான் தரலாம்னு விதி. ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்.ஏ.எஸ். கொடுத்த சாண்ட்விச் ரொம்பத் தாராளமா இருக்குன்னு பான் ஆம் புகார் செய்ய, 20,000 டாலர் அபராதம் விழுந்தது!

விலை ஒன்று, விமானமும் ஏறக்குறைய ஒன்று. மிச்சம் இருப்பது நம்ம முகம் மட்டும்தான். இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் ஏர் இந்தியாவின் வர்த்தகப் பிரிவுத் தலைவர் பாபி கூக்கா. 1946-இல் அவர் யோசனைக்கு ஓவியர் உமேஷ் ராவ் உருவம் கொடுத்தார். முதலில் குறிப்புத்தாளுக்காக வரைந்த படம், பிறகு கம்பெனியின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

என் கண்ணுக்கு இதில் இரண்டு மகாராஜாக்கள் தெரிகிறார்கள். ஒருவர் ஊருக்கு ஊர் வேஷம் மாற்றுகிறவர். டோக்கியோவில் சுமோ மல்லர், லண்டனில் நடைபாதை ஓவியர். இவர் அந்தந்த ஊரையே லேசாகக் கிண்டல் செய்கிறார். விருந்தாளியாக வந்தவர் வீட்டுக்காரரைச் சீண்டுவது போல. சிரிப்பு இவர் கையில் இருக்கிறது.

இன்னொருவர் தலைப்பாகையோடு குனிந்து நிற்கிறவர். மேற்கத்தியர் மனதில் ஏற்கெனவே இருந்த யானை, அரண்மனை, பணிவிடை இந்தியாவை அப்படியே எடுத்து நீட்டுகிறார். "இவர் நிஜ ராஜா இல்லை, வேறு பெயர் கிடைக்காமல் அப்படிக் கூப்பிடுகிறோம்" என்ற பொருளில் கூக்காவே சொல்லியிருக்கிறார். சரிதான். ஆனா அந்த நையாண்டி பம்பாய்க்காரருக்குப் புரியும். நியூயார்க்கில் போஸ்டரைப் பார்த்தபடி நடந்து போகிறவருக்குப் புரியுமா?

1971-ஐ எடுத்துக்கோங்க. இந்திரா காந்தி அரசு மன்னர்களின் மானியத்தை ஒழித்த வருஷம். அதே அரசுக்குச் சொந்தமான ஏர் இந்தியா, அதே வருஷம் வந்த தன் 747 விமானத்தின் ஜன்னல்களைச் சுற்றி அரண்மனை வளைவுகளை வரைந்து, வானத்தில் ஓர் அரண்மனைன்னு விற்றது. வீட்டில் ராஜாவை இறக்கிவிட்டு, வெளியூரில் அவரையே வாசலில் நிறுத்தினோம்.

வியாபாரமா பார்த்தா கெட்டிக்காரத்தனம். அந்த நெருக்கடியான சந்தையில் வேறு வழியும் அதிகம் இல்லை. ஆனாலும் எனக்குப் பிடித்தவர் அந்த சுமோ மல்லர்தான். அவர் யாருக்கும் குனியவில்லை. உங்க ஞாபகத்தில் எந்த மகாராஜா இருக்கார்?