கியூஎம்கே: தமிழ்99 தட்டுபவர் எங்கிருந்து தொடங்கணும்?

மெக்கானிக்கல் கீபோர்டு பக்கம் கால் வைக்கும் எவரும் கியூஎம்கே என்ற பெயரைத் தாண்டிப் போக முடியாது. ஜுன் வாக்கோ எழுதிய டிஎம்கேவிலிருந்து ஜாக் ஹம்பர்ட் கிளைபிரித்து வளர்த்த திறந்தமூல ஃபர்ம்வேர் அது. கீபோர்டுக்குள் இருக்கும் சின்ன சிப்பில் ஓடும் நிரல்னு வைச்சுக்கலாம். எந்த விசை என்ன செய்யணும், எவ்வளவு நேரம் அழுத்தினால் என்ன ஆகணும் என்பதெல்லாம் அதன் கையில். ஜிபிஎல் உரிமம் என்பதால் எல்லாவற்றையும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம்.

தொடங்குபவர்களுக்கு அவர்களே ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறார்கள். கருவிகளை நிறுவு, கீமேப் எழுது, கம்பைல் செய், பலகையில் ஏற்று என்று படிப்படியாகப் போகும். நன்றாகவே எழுதியிருக்காங்க. என் குறை வேறு. அதைப் படித்து முடிக்கும் தமிழ்த் தட்டச்சர் மனதில் இரண்டு ஆசைகள் முளைக்கும்: அடுக்கடுக்காக லேயர் போடணும், தமிழையே கீபோர்டுக்குள் ஏற்றிவிடணும். இரண்டாவது ஆசை தப்பான இடத்தில் கொண்டு விடும். அவருக்கு முதல் நாளே தெரிய வேண்டிய விஷயமோ வேறொரு பக்கத்தில் தனியாகக் கிடக்கிறது.

முதலில் ஆசையைப் பார்த்துவிடலாம். கீபோர்டு கணினிக்கு எழுத்தை அனுப்புவதில்லை. யூஎஸ்பி வழியாகப் போவது விசைக்கான எண் மட்டுமே. அந்த எண்ணை ‘க’ ஆக்குவது கணினியில் இருக்கும் தமிழ் உள்ளீட்டு மென்பொருள். கியூஎம்கேயில் யூனிகோட் வசதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கு. ஆனால் லினக்ஸில் அது எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க. கண்ட்ரோல், ஷிஃப்ட், யூ மூன்றையும் சேர்த்து அழுத்தி, 0பி95 என்று நான்கு குறிகளைத் தட்டி, கடைசியில் ஸ்பேஸ் பார். ஒரு ‘க’வுக்கு இத்தனை வேலையை நமக்குப் பதிலாக சிப் செய்கிறது. விண்டோஸில் இதற்கென்று தனி மென்பொருள் போடணும், இல்லையென்றால் ரெஜிஸ்ட்ரியைத் திருத்தணும். எந்தக் கணினியில் செருகினாலும் தமிழ் வரும் என்ற கனவு அங்கேயே முடிந்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் தமிழ்99 அமைப்பிலேயே இருக்கு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி உருவான அமைப்பு அது. இடக்கையில் உயிர், வலக்கையில் மெய். ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே விசை. ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதல் மெய்க்குப் புள்ளி தானாக வந்துவிடும். ‘தந்தை’யில் வரும் ‘ந்த’ போன்ற இனச்சேர்க்கைக்கும் அப்படியே. ஆக, முந்தைய எழுத்து எதுவென்று தெரியாமல் அடுத்ததைப் போட முடியாது. மவுஸை வேறு வரியில் க்ளிக் செய்தால் கீபோர்டுக்கு அது தெரியவே தெரியாது. பழைய எழுத்தை நினைவில் வைத்துக்கொண்டு தப்பான இடத்தில் புள்ளி வைக்கும். தமிழைக் கணினியிலேயே விட்டுவிடுவதுதான் சரி. ௹, ௵ மாதிரி தனியாக நிற்கும் கணக்குக் குறிகளை வேண்டுமானால் ஒரு லேயரில் வைக்கலாம். அவற்றுக்கு முன்பின் தொடர்பு கிடையாது.

இப்போது வேறொரு பக்கத்தில் கிடக்கும் விஷயத்துக்கு வரேன். டீபவுன்ஸ். சுவிட்சுக்குள் இரண்டு உலோகத் துண்டுகள் தொடும்போது ஒரே தொடலில் நிற்காது, கொஞ்சம் துள்ளும். செர்ரி தன் எம்எக்ஸ் சுவிட்சுகளுக்குச் சொல்லும் துள்ளல் வரம்பு 5 மில்லி செகண்ட். கியூஎம்கேயின் இயல்பு அமைப்பும் அதே 5 தான். புது சுவிட்சுக்கு அது போதும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, உப்புக்காற்று கதவுக் கீலையும் ஃபேன் திருகையும் விடாது. தூசி வேறு. தொடுமுனை கெட்டுப்போனால் துள்ளல் நீளும், ஒரு தட்டு இரண்டாகப் பதிவாகும்.

ஆங்கிலத்தில் இது சின்னத் தொல்லை. எழுத்து இரட்டித்தால் பெரும்பாலும் சிவப்புக் கோடு விழும். பழைய தமிழ் டைப்ரைட்டர் அமைப்பிலும் இரட்டித்த எழுத்து அசிங்கமாக நிற்கும், கண்ணில் பட்டுவிடும். தமிழ்99இல் ‘வீடு’ என்று அடிக்கும்போது ‘ட’ விசை துள்ளினால் வருவது ‘வீட்டு’. ‘படம்’ பட்டம் ஆகிவிடும். ‘எடு’ எட்டு ஆகும், ‘வடி’ வட்டி ஆகும். எல்லாமே நல்ல தமிழ்ச் சொற்கள். எழுத்துப்பிழை திருத்தி வாயே திறக்காது. உயிரெழுத்து துள்ளினால் ‘வீடுஉ’ என்று காட்டிக்கொடுக்கும். மெய் துள்ளினால் மென்பொருளே புள்ளி வைத்து மறைத்துவிடும். திருவொற்றியூரில் ஒரு ஜாப் டைப்பிங் கடையில் மனு அடித்து வாங்குபவருக்கு ‘வடி’க்கும் ‘வட்டி’க்கும் உள்ள தூரம் சின்னதில்லை.

இதற்குத்தான் கியூஎம்கே வேண்டும் என்கிறேன். ஃபர்ம்வேரைத் தொட முடியாத கீபோர்டில் சுவிட்ச் துள்ள ஆரம்பித்தால், சுவிட்சை மாற்றணும் அல்லது கீபோர்டையே மாற்றணும். இங்கே கான்ஃபிக் கோப்பில் ஒரே வரி: டீபவுன்ஸ் 5 என்பதை 10 அல்லது 15 ஆக்கலாம். ஒரே விரலால் ஒரே விசையை எவ்வளவு வேகமாக இரட்டித்தாலும் சுமார் நூறு மில்லி செகண்ட் இடைவெளி இருக்கும் என்பதால், நாம் வேண்டுமென்றே அடிக்கும் ‘க்க’வுக்குப் பாதிப்பில்லை. இன்னொன்று, இயல்பு முறை மொத்தப் பலகைக்கும் ஒரே கடிகாரம் வைக்கிறது. விசைக்கு ஒரு கடிகாரம் வைக்கும் முறைக்கு மாறினால், எண்ணைக் கூட்டினாலும் வேகம் தடுமாறாது. அழுத்தியவுடன் அனுப்பிவிட்டுப் பிறகு காத்திருக்கும் ‘ஈகர்’ முறையும் உண்டு. விளையாடுபவர்கள் விரும்புவார்கள், ஆனால் இரைச்சலைத் தாங்காது. நமக்கு வேண்டாம்.

செலவுக்கு பயப்பட வேண்டாம். ஆர்பி2040 சிப் உள்ள பைக்கோ பலகை ஒன்று, ஒன்பது சுவிட்ச், ஒன்பது டையோடு. விம்கோ நகர் மெட்ரோவில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி தெரு பக்கம்தான். பூட்செல் பொத்தானை அழுத்தியபடி யூஎஸ்பியில் செருகினால் பைக்கோ பென்டிரைவ் மாதிரி தெரியும், கம்பைல் செய்த கோப்பை இழுத்துப் போட்டால் முடிந்தது. ஒன்பது விசையில் ஒன்றை மொழி மாற்றத்துக்கு வைங்க, ஒன்றை ‘ட’வுக்கு வைங்க. டீபவுன்ஸை 0, 5, 15 என்று மாற்றி மாற்றி, ஒவ்வொன்றிலும் ‘வீடு’ நூறு தடவை அடித்துப் பாருங்க. பழைய கீபோர்டிலிருந்து கழற்றிய சுவிட்ச் கிடைத்தால் இன்னும் நல்லது.

15இலும் துள்ளினால் அந்த சுவிட்சின் ஆயுள் முடிந்தது, கழற்றிப் போடுங்க. எண்ணை ஏற்றிக்கொண்டே போவது வைத்தியமாகாது. லேயர், மேக்ரோ எல்லாம் அதற்குப் பிறகு நிதானமாகப் பார்த்துக்கலாம்.