செஞ்சிக் கோட்டை முற்றுகை: ஒரு மதிப்பீடு

மராத்திய அரசர் இராஜாராம் தங்கியிருந்த செஞ்சிக் கோட்டையை முகலாயர் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டனர். இம்முற்றுகை நீண்டதற்குத் தளபதி சுல்பிக்கார் கான் எதிரியுடன் செய்த இரகசிய உடன்பாடே காரணம் எனச் சமகாலத்தவர் சிலர் குற்றஞ்சாட்டினர். இது முழு விளக்கமாகாது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த கோட்டையை முழுமையாகச் சூழ்வது கடினம். 1692 இறுதியில் சாந்தாஜி கோர்படே, தானாஜி ஜாதவ் ஆகியோரின் படைகள் முற்றுகையாளர்களையே சூழ்ந்து, உணவு வரத்தைத் துண்டித்தன. இராஜாராமுடன் பேச்சு நடத்திய அவுரங்கசீப்பின் மகன் காம் பக்‌ஷ் முகாமிலேயே காவலில் வைக்கப்பட்டார். 1693இல் சுல்பிக்கார் கான் வந்தவாசிக்குப் பின்வாங்கினார். இவற்றை அவரது சூழ்ச்சியாகக் கொள்ள இயலாது.

ஆயினும், கோட்டை வீழும் முன்பே இராஜாராம் தப்பியது அந்த ஐயத்துக்கு வலுவூட்டுகிறது. முகலாயர் கோட்டையைப் பிடித்தனர், அரசரைப் பிடிக்கவில்லை. அவர்களின் பெரும்படை செஞ்சியில் முடங்கிய காலம், தக்காணத்தில் மராத்தியர் மீண்டெழ உதவியது.