பிசிஎல் 82-க்கு மறுவாழ்வு

சென்னையில் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொலைக்காட்சி வந்தபோது, கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் பலவற்றில் டிரான்சிஸ்டரோடு வால்வும் இருந்தது. காயலான் கடைக்குப் போன பெட்டிகளைக் கிளறினால் இன்றும் ஒரு பிசிஎல் 82 வால்வு அகப்படலாம்.

ஒரே கண்ணாடிக் குப்பிக்குள் டிரையோடு, பென்டோடு இரண்டும். முன்னது சிக்னலைத் தூக்கிக் கொடுக்கும், பின்னது ஸ்பீக்கரை ஓட்டும். இதன் உடன்பிறப்பான இசிஎல் 82-ஐத்தான் ஆடியோ பிரியர்கள் தேடி அலைகிறார்கள். வேறுபாடு சூடேற்றும் இழையில்தான்: அதற்கு 6.3 வோல்ட், இதற்கு 16. டிவியில் வால்வுகளின் இழைகளை வரிசையாகக் கோத்து 300 மில்லி ஆம்பியர் ஓட்டினார்கள். அதனால் வந்ததுதான் இந்த 16 வோல்ட். பிசிஎல் 82-ஐ வைத்து ஆம்பிளிபையர் செய்ய, இழைக்குப் பவர் டிரான்ஸ்பார்மரில் 16 வோல்ட் சுற்று ஒன்று போதும், மூன்று வாட் இசை கிடைக்கும். ஓர் அறைக்கு அது தாராளம். (இளையராஜாவின் பேஸ் கிட்டாரைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.)

வால்வு கொதிக்கும். மலிவு பிளாஸ்டிக் சாக்கெட் நாளடைவில் கருகும், பீங்கான் அசராது. பீங்கானில் பியூஸ் கேரியர் செய்யும் விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 9 துளை சாக்கெட்டையும் அவர்கள் வார்த்துத் தந்தால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

ஒன்று மட்டும்: சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். அதை இறக்கிவிட்டே கை வையுங்கள்.