அடியில் ஒட்டிய சேறு
காலபோக மழையில், பரந்தன்–முல்லைத்தீவு ஏ-35 வீதியை விட்டு இறங்கி உள்ளொழுங்கைகளில் ஓடிவந்த பிக்கப்பை மேலே கழுவ யாராலும் முடியும். வேலை தெரிந்தவர் முதலில் குனிந்து அடியைப் பார்ப்பார். செஸி மூலைகளிலும் வில்லுத் தகட்டு இடுக்குகளிலும் அப்பிய சேறு வெளியே காய்ந்தாலும் உள்ளே ஈரத்தை விடாது. துரு அங்கேதான் பிடிக்கும். நந்திக்கடல் ஓர உவர்நீரில் இறங்கிய வண்டியென்றால் இன்னும் கெதியாக.

இறுகமுன் ஊறவிட்டு, மரக்குச்சியால் கிண்டி, பிறகுதான் அழுத்தத் தண்ணீர். அதையும் சில்லுச் சீலுக்கு நேரே பிடிக்கக் கூடாது. கடைசியில் நிப்பிளில் புதுக் கிறீஸ் ஏற, பழையது சேற்றுத் தண்ணீரையும் தள்ளிக்கொண்டு பிதுங்கி வரும். அதைப் பார்ப்பது தனிச் சுகம். பெயின்ற் மினுக்கத்துக்குக் காசு கொடுப்பவர்களுக்கு அது வாய்ப்பதில்லை. ஒன்று மட்டும்: அந்த எண்ணெய்த் தண்ணீரை வாய்க்காலில் விடாதீர்கள், கீழே வயல் இருக்கிறது.